குழலியக்கா எழுதிய அட்டை

என் கையெழுத்தைப் பார்த்தால் எனக்கே குமட்டுகிறது. பேங்கில் படிவத்தை நீட்டினால் பேனாவை எடுக்கக் கை வருவதில்லை. அந்தக் கையெழுத்து ஓர் அட்டையில் இருக்கிறது. அதே அட்டையில் எனக்கு மேலே இன்னொரு பெண்ணின் கையெழுத்தும் இருக்கிறது. நான் எழுத வந்தது அந்தப் பெண்ணைப் பற்றி. என்னைப் பற்றி எழுத நல்லதாக ஒன்றும் இல்லை. ஆனாலும் இடையிடையே வந்துதான் தீருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் பெயர் ஏலவார்குழலி. ஏகாம்பரநாதர் கோயில் அம்மனின் பெயர். கம்பெனியில் எல்லோருக்கும் குழலியக்கா. வயது நாற்பத்தாறு, பிள்ளையார்பாளையத்தில் வாடகை வீடு, எட்டாம் வகுப்பு வரை படிப்பு. வீட்டுக்காரர் காசிநாதன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். காலை ஏழு பத்துக்குக் கம்பெனி பஸ் பேருந்து நிலையத்தை விட்டுக் கிளம்பும்போது, நெற்றியில் மூன்று பட்டை திருநீறோடு முன் சீட்டில் உட்கார்ந்திருப்பார். யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் முதலில் மோந்து பார்ப்பார்.

குழலியக்காவுக்கு அருவருப்பு சட்டென்று வரும். கேன்டீன் சாம்பாரைக் கழுநீர் என்பார். கைக்குத் தடவும் ஸ்பிரிட் வாசனைக்கு முகத்தைச் சுளிப்பார். தலைக்கு மாட்டுகிற வலைத்தொப்பியை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, “சீ, கருமம், எவ தலையில இருந்து கழட்டினதோ” என்பார். அது பாக்கெட் பிரிக்காத புதுத் தொப்பி என்று சொன்னாலும் நம்ப மாட்டார். வீட்டில் காசிநாதன் கழற்றிப் போட்ட சட்டையைக் குச்சியால் தூக்கித்தான் வாளியில் போடுவாராம். இப்படி ஒரு ஆளைச் சுத்தம் செய்கிற வேலைக்கு எடுத்தது எங்கள் கம்பெனியின் அறிவு.

ஆமாம், முதலில் அவர் வந்தது தரை துடைக்கத்தான். நான் வந்தது ஆராய்ச்சி செய்ய. என் பெயர் நஸ்னீன். எங்கள் அப்பா ஃபக்ருதீன் பெரிய காஞ்சிபுரத்தில் சரிகை வியாபாரம் செய்கிறவர். குடும்பத்தில் எம்.டெக். வரை போனது நான் ஒருத்திதான். அந்தக் கொழுப்பு எனக்கு நிறையவே இருந்தது.

ஸ்ரீபெரும்புதூர் போகிற சாலையில், டயர்க் கிடங்குக்கும் பிஸ்கட் குடோனுக்கும் நடுவே எங்கள் கம்பெனி. அங்கே ஒருவகை பாலிமர் நூல் செய்கிறோம். ரப்பர் போல இழுபடும், வளையும். உடம்புக்குள் வைத்தால் சில மாதம் உறுதியாக நிற்கும். பிறகு மெல்லக் கரைந்து உடம்போடு போய்விடும். அந்த நூலில் மெல்லிய குழாய் நெய்வோம். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப் பைக்கு வருகிற குழாய் யாருக்காவது அறுந்துவிட்டால், அந்த இடத்தில் இதை வைத்துத் தைப்பது என்பது திட்டம். கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிற மாதிரிதான். சொந்தச் சதை அதைப் பிடித்துக்கொண்டு வளர வேண்டும். வளர்ந்து முடிந்ததும் சாரம் தானாகக் காணாமல் போக வேண்டும். சீக்கிரம் கரைந்தால் ஆபத்து. கரையாமலே கிடந்தாலும் ஆபத்து. எங்கள் நூல் கரையாமலே கிடந்தது. பதினாறு விதமாகக் காய்ச்சிப் பார்த்தும் கரையவில்லை.

குழாய் நெய்ய ஒரு சின்னத் தறி வைத்திருந்தோம். இருநூற்று நாற்பது இழை, ஒவ்வொன்றும் முடியைவிட மெல்லியது. ஒவ்வொரு முறை புது நூல் செய்யும்போதும் பழைய இழையை எல்லாம் உருவிவிட்டு, புது இழையை ஒவ்வொன்றாகத் தறியில் கோப்போம். இரண்டு இன்ஜினியர்கள் இரண்டரை நாள் குனிந்து கிடப்பார்கள். ஒருநாள் துடைப்பத்தோடு அந்தப் பக்கம் வந்த குழலியக்கா நின்று பார்த்தார்.

“சீ, இன்னா பொழப்புய்யா இது? எதுக்கு உருவறீங்க? பழசோட நுனியில புதுசோட நுனியப் பெணைச்சு அப்படியே இழுத்தா வந்துடப் போவுது.”

பட்டுத் தறியில் ஒரு பாவு, அதாவது நெடுக்கே ஓடுகிற இழை, தீர்ந்ததும் அப்படித்தான் செய்வார்கள். தறியிலேயே கிடக்கும் பழைய நுனிகளோடு புதுப் பாவின் நுனிகளை ஒவ்வொன்றாகத் திரித்துச் சேர்ப்பார்கள். முடிச்சே கிடையாது, வெறும் திரிப்புதான். குழலியக்கா பதினாலு வயதிலிருந்து தெருத் தெருவாகப் போய் அந்த வேலையைச் செய்தவர். எங்கள் இருநூற்று நாற்பது இழையை ஐம்பது நிமிடத்தில் பிணைத்து இழுத்துக் காட்டினார். அடுத்த வாரமே அவர் கையிலிருந்து துடைப்பத்தை வாங்கிவிட்டுத் தறி உதவியாளர் என்று அடையாள அட்டை கொடுத்தார்கள். அந்த அட்டையை அவர் சாமி படத்துக்குக் கீழே வைத்து ஒருநாள் முழுக்க பூஜை செய்தார் என்று காசிநாதன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஒரு விஷயம் மட்டும் எங்கள் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் முயலவும் இல்லை. வழுக்குகிற நூலை வெறும் விரலால் திரிக்க முடியாது. பாவு பிணைக்கிறவர்கள் விரல் நுனியில் சாம்பல் தொட்டுக்கொள்வார்கள். இரட்டைக் கையுறை போட்டுத்தான் நூலைத் தொட வேண்டும் என்று எங்கள் சுவரில் ஆங்கிலத்தில் எழுதி ஒட்டியிருந்தது. கையுறை போட்டால் திரிக்க வராது. குழலியக்கா என்ன செய்வார்? யாரும் பார்க்காதபோது கழற்றிவிடுவார். அடுப்புச் சாம்பல் அவருக்கு அருவருப்பு. எச்சில் பாத்திரம் தேய்க்கிற பொருள் என்பார். அதனால் இடுப்பில் செருகியிருந்த பட்டுப் பையிலிருந்து கோயில் திருநீற்றைத் தொட்டுக்கொண்டார். உலகத்திலேயே அதைவிடச் சுத்தமான பொருள் அவருக்குத் தெரியாது.

திரித்த இடம் இருக்கும் ஒரு சாண் நீளத்தை வெட்டிக் குப்பையில் போட வேண்டும். வெட்டினார், ஆனால் குப்பையில் போடவில்லை. “பட்டுல ஒரு வெரக்கடகூட நான் தூக்கிப் போட்டது கெடையாதும்மா. நூலக் குப்பையில போடறது அசிங்கம்” என்று சொல்லி, வெட்டின துண்டுகளை எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்தார். நான் பார்த்தேன், சிரித்தேன். அதோடு விட்டுவிட்டேன்.

பதினேழாவது நூல் வந்தபோது சோதனைக்குப் பன்னிரண்டு துண்டு வேண்டியிருந்தது. காய்ச்சின நூல் ஆறு துண்டுக்குத்தான் வந்தது. மறுபடி காய்ச்சினால் மூன்று வாரம் ஆகும். எனக்கோ அக்கா மகள் கல்யாணம், ஆம்பூர் போக வேண்டும். குழலியக்காவின் டின்னைத் திறந்தேன். அதே நூலில் வெட்டின துண்டுகள் இருந்தன. அழகாக ஆறு எடுத்து, மற்ற ஆறோடு சேர்த்து, உடம்புச் சூட்டில் வைத்த உப்புத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டுப் பிரியாணி சாப்பிடப் போய்விட்டேன்.

எண்பதாவது நாள் ஆறு துண்டு கரைந்தது. நாங்கள் இரண்டு வருஷமாக எந்த வேகத்துக்கு ஆசைப்பட்டோமோ அதே வேகம். மற்ற ஆறும் போட்ட அன்றைக்கு இருந்தபடியே கிடந்தன. எங்கள் தலைவர் தினகரன் சார் தொட்டிக்கு முன்னால் கைகட்டி நின்று பார்த்தார்.

“கரையாத ஆறு காய்ச்சும்போது கோளாறாயிருக்கும். எடுத்துடு. கரைஞ்சதை மட்டும் எழுது” என்றார்.

கரைந்த ஆறும் டின்னிலிருந்து வந்தவை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கரையாத ஆறையும் என் கையாலேயே எடுத்துக் குப்பையில் போட்டேன். அது என் முதல் அசிங்கம்.

கொண்டாட்டம் நடந்தது. கரைந்த துண்டின் படத்தைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கி மாட்டினார்கள். குழாய் வடிவத்தில் நீல நிறக் கேக் வந்தது. எல்லோரும் ஒருவர் வாயில் ஒருவர் ஊட்டிக்கொண்டார்கள். குழலியக்கா தன் பங்கைக் காகிதத்தட்டோடு ஜன்னலில் வைத்துவிட்டு, “குடலு மாதிரி இருக்குது, எப்படித்தான் துன்றாங்களோ” என்றார். பிறகு சுவரில் இருந்த படத்துக்குப் பக்கத்தில் போய் மூக்கு முட்டுகிற தூரத்தில் நின்றார். வெகுநேரம் நின்றார். பிறகு நேராக என்னிடம் வந்தார்.

“நஸ்னீனும்மா, இது என் கை.”

“எது?”

“அறுந்து போன எடமெல்லாம் நான் திரிச்ச எடம். இடது பக்கமா ஒரு சுத்து, வலது பக்கமா ரெண்டு சுத்து. இந்த ஊர்ல அப்படித் திரிக்கிறது நானும் செத்துப்போன எங்க அத்தையும்தான். நூலு தானாக் கரையலம்மா. நான் தொட்ட எடத்துல அழுவியிருக்குது.”

அப்போதுதான் பட்டுப் பையை எடுத்துக் காட்டினார். நான் திருநீற்றைப் பார்த்தேன், அவர் விரலைப் பார்த்தேன். படித்த மண்டைக்கு அப்போதும் ஏறவில்லை. அவர்தான் சொன்னார்:

“சாயம் போடாத கோறாப் பட்டு நூலையே சோடாத் தண்ணியில வேகவெச்சுத்தானம்மா பசையெடுக்கிறோம்? கொஞ்சம் கூடுனா பட்டையே தின்னுடும். சாம்பலும் அந்த ஜாதிதான?”

எம்.டெக். முதல் வருஷப் பாடம் அது. சாம்பலில் சலவைச் சோடாவைப் போன்ற காரம் இருக்கிறது. எங்கள் நூலின் கண்ணிகளை அந்தக் காரம் அரிக்கும். நான் புது நூலில் ஒரு சிட்டிகை திருநீறு தடவித் தொட்டியில் போட்டுப் பார்த்தேன். மறுபடியும் அதே மாதிரி கரைந்தது. எங்கள் கண்டுபிடிப்பு என்று எதுவும் இல்லை. அவருடைய விரல் அழுக்கைக் கொண்டாடிக் கேக் வெட்டியிருந்தோம். அதை அவர் அழுக்கு என்று நினைத்ததே இல்லை என்பதுதான் கொடுமை. படத்தைப் பார்த்த அன்று முழுக்க அவர் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே இருந்தார்.

தினகரன் சாரிடம் போனேன். இந்தக் கதையில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அது. அதுவும் பாதிதான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் நாற்காலியில் சாய்ந்தார்.

“யாருக்கெல்லாம் தெரியும்?”

“எனக்கும் குழலியக்காவுக்கும் சார்.”

“அப்ப யாருக்கும் தெரியாது” என்றார். “கரையுதா இல்லையா? கரையுது. அடுத்த பேட்ச் முழுக்க அதே மாதிரி பூசச் சொல்லு. குழாயோட போற அட்டையில கையுறை போட்டுச் செஞ்சதுன்னு எழுதச் சொல்லு.”

நான் அவர் மேஜையில் இருந்த கண்ணாடிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் உரித்த ஆரஞ்சுச் சுளைகள் இருந்தன. ஒன்றை எடுத்து நீட்டினார். வாங்கித் தின்றேன். இப்போது நினைத்தாலும் வாய் கசக்கிறது.

குழலியக்காவிடம் சொன்னபோது அவர் கத்தவில்லை. “இது சாமி திருநீறும்மா. பொய்யில பூசறதுக்கு இத எடுக்க மாட்டேன்” என்றார். மறுநாள் தெருமுனை டிபன் கடை விறகடுப்பிலிருந்து ஒரு பொட்டலம் சாம்பல் கொண்டு வந்தார். தொடவே கூசுகிற அந்தச் சாம்பலை விரலில் எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, இழை இழையாகப் பூசினார். வேலை போனால் மறுபடி துடைப்பம்தான். அது அவருக்குத் தெரியும். அட்டையில் ‘கையுறை போட்டுச் செய்தது’ என்று தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடியில் ‘சரிபார்த்தேன்’ என்று நான் போட்டேன். ஒப்புதல் கையெழுத்துக்கு நாங்கள் அலைய வேண்டியதே இல்லை. தினகரன் சார் வெற்று அட்டைகளில் ஐம்பது ஐம்பதாகப் போட்டு வைத்திருந்தார்.

அந்தக் குழாய்களை முதலில் நான்கு ஆடுகளுக்கு வைத்தார்கள். சும்மா கிடக்கிற தண்ணீரில் எண்பது நாள் தாங்கியது, துடிக்கிற உடம்பில் பன்னிரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. குழாய் விட்டுப்போய்ச் சிறுநீர் வயிற்றுக்குள்ளேயே கசிந்திருக்கிறது. கொட்டகையைச் சுத்தம் செய்யக் குழலியக்காவை மறுபடி துடைப்பத்தோடு அனுப்பினார்கள்; குறிப்பெடுக்க நானும் போனேன். இரண்டு ஆடு செத்துக் கிடந்தது. மற்ற இரண்டும் வயிறு உப்பி, தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றன. அந்த நாற்றம் ஒரு வாரம் என் முடியை விட்டுப் போகவில்லை. குழலியக்கா கொட்டகைக்குப் பின்னால் போய்க் குடல் வெளியே வருகிற அளவுக்கு வாந்தி எடுத்தார். பிறகு வந்து, செத்த ஆட்டின் கண்ணை மூடிவிட்டார்.

அறிக்கையில் ஆடுகள் சளி பிடித்துச் செத்தன என்று எழுதினோம். “சாம்பலைக் கொஞ்சம் கம்மியாப் பூசச் சொல்லு” என்றார் தினகரன் சார். அவ்வளவுதான் அவருடைய விஞ்ஞானம்.

மூன்று மாதம் கழித்து ஒரு பெண்ணைக் கம்பெனிக்கு அழைத்து வந்தார்கள். பெயர் கமலாட்சி, முப்பத்தெட்டு வயது, சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர். கர்ப்பப்பை ஆபரேஷனில் சிறுநீர்க் குழாய் அறுபட்டுவிட்டது. எட்டு மாதமாக இடுப்பில் சிறுநீர் சேருகிற ஒரு பை தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் குழாய் முதன்முதலாக ஒரு மனிதருக்குள் போக இருந்தது, அது அவருக்குள். படம் எடுத்துப் போடுவதற்காகக் கூட்டி வந்திருந்தார்கள்.

வரவேற்பறையில் எல்லோரும் அவரிடமிருந்து இரண்டு நாற்காலி தள்ளியே உட்கார்ந்தார்கள். வாசனை வந்தது, உண்மைதான். தினகரன் சார் படத்துக்குச் சிரித்துவிட்டுக் கைக்குட்டையால் மூக்கைத் துடைக்கிற மாதிரி மூடிக்கொண்டார். நானும் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டேன். கமலாட்சி தலை நிமிரவே இல்லை. தறியைக் காட்டக் கூட்டிப் போனபோது குழலியக்காவிடம் மெல்லக் கேட்டார்:

“நாத்தம் வருதாக்கா? எங்கூட்டுலயே எந்தட்டத் தனியா வெச்சுட்டாங்க.”

புதுத் தொப்பியையே மோந்து பார்க்கிறவர் குழலியக்கா. என்ன சொல்லித் தொலைப்பாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அவர் கமலாட்சியின் பக்கத்தில், தொடை தொடையோடு ஒட்டுகிற மாதிரி பெஞ்சில் உட்கார்ந்தார். கமலாட்சி மடியில் வைத்திருந்த டப்பாவைத் திறந்து ஒரு கேசரி உருண்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

“ஒரு நாத்தமும் இல்ல. நெய்யி கொஞ்சம் கம்மி” என்றார்.

கமலாட்சி சிரித்துவிட்டார். பிறகு எழுந்து தறியின் சட்டத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “நீங்க நெய்யறதுதான எனக்குள்ள வெக்கப் போறாங்க? நல்லா நெய்யிங்கக்கா. இந்தப் பைய வுட்டாப் போதும்.”

குழலியக்கா சாம்பல் ஒட்டியிருந்த விரல்களைப் புடவையில் தேய்த்துக்கொண்டே இருந்தார். அன்று மாலை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்: “அந்தம்மாவுக்கு வேற வழியே இல்லையாம்மா?”

இருந்தது. குழாயின் நல்ல பகுதியை இழுத்துச் சிறுநீர்ப் பையோடு தைக்கிற பழைய ஆபரேஷன் ஒன்று உண்டு. எட்டு மாதத்துக்கு முன்பே செய்திருக்கலாம். எங்கள் ஆள்கள் போய், புது வைத்தியம் வருகிறது, செலவே இல்லை, காத்திருங்கள் என்று சொல்லிக் காக்க வைத்திருந்தார்கள். இதை நான் குழலியக்காவிடம் சொன்னேன்.

“சொல்லிடலாமாம்மா?” என்றார்.

“யார்கிட்டக்கா சொல்றது? நம்ம ரெண்டு பேர் கையெழுத்தும் இருக்கு. நாமதான் மாட்டுவோம்.”

அவர் என்னைப் பார்த்தார். கேன்டீன் சாம்பாரைப் பார்க்கிற அதே பார்வை. எழுந்து போய் வேறு சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் பன்னிரண்டு பெட்டிகள் கட்டினோம். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு குழாய், ஒரு அட்டை. டாக்டர் அளவுக்குத் தகுந்ததை எடுத்துக்கொள்வார். குழலியக்கா அட்டைகளை எழுதி என் மேஜையில் அடுக்கினார். நான் செல்போனில் யாருடனோ பேசிக்கொண்டு, அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பன்னிரண்டிலும் ‘சரிபார்த்தேன்’ போட்டுத் தள்ளினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மறுநாள் காலை, சென்னையில் ஓர் ஆஸ்பத்திரி. டாக்டர் ராமராஜன் பெட்டியைத் திறந்தார். அவர் எதையும் படிக்காமல் தொடாதவர் என்று பிறகு கேள்விப்பட்டேன். அட்டையில் பேனாவை அழுத்தி, பெரிய எழுத்தில் இருந்தது:

‘இந்த நூலில் அடுப்புச் சாம்பல் பூசியிருக்கிறது. பூசியது நான். சாம்பல் நூலை அரிக்கும். நாலு ஆட்டுக்கு வைத்து வயிற்றுக்குள் விட்டுப்போச்சு. சளி இல்லை. இதை அந்த அம்மாவுக்கு வைக்காதீர்கள். ஏலவார்குழலி, பிள்ளையார்பாளையம்.’

அடியில் என் கையெழுத்து. ‘சரிபார்த்தேன்.’ அதற்கும் அடியில் தினகரன் சாரின் ஒப்புதல். பன்னிரண்டு பெட்டியிலும் அதேதான்.

கமலாட்சியை மயக்க மருந்து கொடுக்காமல் அறையை விட்டு வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து அதே டாக்டர் பழைய ஆபரேஷனைச் செய்தார். பை போய்விட்டது. இப்போது மறுபடி பள்ளிக்கூடத்தில் சமைக்கிறார்.

எங்களுக்கு நடந்ததுதான் அருவருப்பு. விசாரணை வந்தது. தினகரன் சார் உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய், ஐந்தே வாரத்தில் வேறு ஊரில் இதைவிடப் பெரிய நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். குழலியக்காவைச் சுகாதார விதியை மீறினார், கையுறை போடவில்லை என்று அன்றே வெளியே அனுப்பினார்கள். பொய்யே இல்லாத ஒரு காரணம். அதனால்தான் அவ்வளவு கேவலமாக இருந்தது. என்னை விசாரணை அதிகாரி தனியாகக் கூப்பிட்டார். வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர் எழுந்து நின்று கை கொடுத்தார்.

“படிக்காத அம்மா எழுதினதைத் துணிஞ்சு சரிபார்த்து, உங்க கையெழுத்தையும் கீழே போட்டிருக்கீங்க. அது சின்ன விஷயம் இல்லைம்மா” என்றார்.

நான் படிக்காமல் போட்டேன் என்று சொல்ல வேண்டிய இடம் அது. வாய் திறந்தது. “தேங்க்ஸ் சார்” என்று வந்தது. சால்வை போட்டார்கள். கம்பெனிப் பத்திரிகையில் மனசாட்சி என்ற வார்த்தையோடு என் படம் வந்தது. அப்பா அதைச் சட்டம் போட்டுச் சரிகைக் கடையில் மாட்டினார். இன்றும் தொங்குகிறது. இப்போது தரக் கட்டுப்பாட்டுக்கு நான்தான் தலைவி. தூ.

மூன்று மாதம் தாங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ ஸ்வீட் வாங்கிக்கொண்டு பிள்ளையார்பாளையம் போனேன். குழலியக்கா பக்கத்து வீட்டில் பாவு பிணைத்துக்கொண்டிருந்தார். தறிக்கு முன்னால் பலகையில் உட்கார்ந்து, ஆயிரக்கணக்கான இழைகளில் எங்கோ நடுவில் இருந்தார். பக்கத்தில் ஒரு கொட்டாங்குச்சியில் சாம்பல். திருநீறு வைத்திருந்த பட்டுப் பை இடுப்பில் இல்லை. நான் தரையில் உட்கார்ந்தேன்.

“அக்கா, மன்னிச்சிடுங்க. உங்க பேரு வரணும். எம்பேரு வந்துடுச்சு. நான் அந்த அட்டையப் படிக்காமதான் கையெழுத்துப் போட்டேன்.”

“தெரியும்மா” என்றார். கை நிற்கவில்லை. இடது பக்கமாக ஒரு சுற்று, வலது பக்கமாக இரண்டு சுற்று.

“தெரியுமா?”

“ரெண்டு வருசமாப் பாத்துக்கினுதான இருக்கேன்? ஒருநாளாவது படிச்சுட்டுப் போட்டிருக்கியா? அதனாலதான் அதுல எழுதினேன். வேற காயிதத்துல எழுதினா டாக்டரு கைக்குப் போயிருக்காது.” அறுந்த ஓர் இழையைத் தேடி எடுத்தார். “நீ படிச்சிருந்தா கிழிச்சிருப்ப. அந்தம்மா செத்திருக்கும்.”

இல்லையக்கா, கிழித்திருக்க மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பஸ்ஸில் நான் சொன்னது எங்கள் இரண்டு பேருக்கும் ஞாபகம் இருந்தது. அவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அடுத்த இழையை எடுத்து, சாம்பலைத் தொட்டு, திரித்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, நான் இன்னும் போகவில்லை என்பதைக் கவனித்து, ஸ்வீட் டப்பாவை இரண்டு விரலால் என் பக்கம் தள்ளினார்.

“இத எடுத்துக்கினு போம்மா. ஈ மொய்க்குது.”